வலது பின்சக்கரம்

"மாஸ்டர், என்னை நிறுத்திருங்க. எனக்கு இந்த வேலை சரிப்பட்டு வராது."

இதைச் சொன்னபோது ஆவுடையப்பன் ஒரு பள்ளிக்கூட வேனின் இடது பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவையாக.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. மாஸ்டர் ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அந்தப் பாளையங்கோட்டை ஷெட்டில் பிரேக் வேலை தெரிந்தவள் அவள், கற்றுக்கொள்ள வந்தவர் அவர்.

"ரெண்டு தடவை பாத்தாச்சே அண்ணாச்சி?"

"பாத்தேன். மூடுதேன். மூடின உடனே நெஞ்சு படபடன்னு அடிக்குது. திரும்பவும் திறக்கேன்."

வேன் டிரைவர் வாசலில் நின்று கத்தினான். "நாலு மணிக்குப் பிள்ளையளை ஏத்தணும்! பிரேக் பாக்கியளா, பொண்ணு பாக்கியளா?"

ஜெசிந்தா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ஆள் அடங்கிவிட்டான்.

அவள் ஆவுடையப்பன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"என்னென்ன பாத்தீங்க, சொல்லுங்க."

"பிரேக் லைனிங் தேயல. டிரம்முக்குள்ள கீறல் இல்ல, வெடிப்பு இல்ல. ஸ்பிரிங் நல்லாருக்கு. சிலிண்டர்ல பிரேக் ஆயில் கசிவு இல்ல."

"சுத்தமான வேலை. வலது பக்கம்?"

ஆவுடையப்பன் வேனின் மறுபக்கம் திரும்பிப் பார்த்தார்.

காலையிலிருந்து அவர் வலது பக்கம் போகவே இல்லை.

எழுந்து ஓடினார். சக்கரத்தைக் கழற்றி டிரம்மை இழுத்தார். உள்ளே சிலிண்டர் கசிந்து, லைனிங் முழுக்க பிரேக் ஆயிலில் ஊறிக் கிடந்தது.

டிரைவர் எட்டிப் பார்த்தான். "ஏ ஆத்தாடி!" என்றான். சத்தமில்லாமல் தள்ளிப் போய், பிள்ளைகளை ஏற்ற வேறு வண்டிக்குப் போன் போட்டான்.

ஆவுடையப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

"போன வருஷம் நான் ஓட்டின வேன்ல பிரேக் பிடிக்காமப் போச்சுல்லா, அன்னைக்கு ஒழுகினது இடது பின்சக்கரம் மாஸ்டர். உள்ள பன்னெண்டு பிள்ளைய. சாமி புண்ணியம், ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறம் நான் ஸ்டீயரிங்கைத் தொடல. கண்ணும் அந்த ஒரு சக்கரத்தை விட்டு நகர மாட்டேங்குது."

ஜெசிந்தா பழந்துணியை எடுத்தாள். அவர் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தாள். அவசரப்படவில்லை.

"இந்தப் பயம் என்னை விட்டுப் போகவே போகாதா மாஸ்டர்?"

"எதுக்கு அண்ணாச்சி போகணும்?" என்றாள். "பாவம், ஒரு வருஷமா அது இடது பக்கமே ஒத்தையில நிக்குது. இந்த வலது பக்கத்துக்கும் கூட்டிட்டு வாங்க."