பேராசிரியர் கேட்ட வருஷம்

பேராசிரியர் அம்பலவாணனுக்கு எதிலும் தானே முதல் ஆளாக இருக்க வேண்டும். மாணவி செல்வக்கனியின் ஆய்வேட்டில் மேற்கோள் கட்டுரைகளின் பட்டியலைப் புரட்டியவர் கொதித்துப்போனார்.

“என் கட்டுரைக்கு 2021னு போட்டிருக்கே. அதே விஷயத்தை எழுதின அந்த ஞானசிகாமணிக்கு 2020. அவன் எனக்கு முன்னோடியா? என்னோடது 2019லயே இணையத்துல வந்தாச்சு. மாத்து, இல்லேன்னா கையெழுத்து கிடையாது!”

“இதழ்ல அச்சான வருஷத்தைத்தான் சார் போடணும். நீங்க சொன்னா எல்லாருக்குமே இணைய வருஷத்தைப் போட்டுடறேன். அவரோடது இணையத்துல வந்தது 2017.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அச்சு வருஷம்னா நீங்க அவருக்கு ஒரு வருஷம் பின்னாடி, இணைய வருஷம்னா ரெண்டு. எதைப் போடட்டும் சார்?”

எதையும் மாற்றச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வகுப்பில் பேராசிரியர் முழங்கினார்: “அச்சான வருஷம்தான் முறை. இந்தத் துறையில இதை முதல்ல சொன்னவன் நான்!”