பரஞ்சோதி சிடி பிளேயர் வாங்கப் போன கதை

"விலை குறைஞ்ச சிடி பிளேயர்ல நல்லது எது, மட்டமானது எதுன்னு கண்டுபிடிக்கிற வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுக்கணும்" என்றார் பரஞ்சோதி.

கேட்டவருக்கு வயது அறுபது. மைக் செட் மரகதத்துக்கு வயது முப்பத்தொன்று.

அவள் கையில் இருந்த ஒயரைக் கீழே வைத்தாள். "வித்தை எதுக்கு அண்ணாச்சி? ரெண்டாயிரத்துக்குள்ள ஒண்ணை நானே எடுத்துத் தாரேன். கொண்டு போங்க."

"பொருள் வேண்டாம் தாயி. ஞானம் வேணும்."

மரகதம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மனுஷன் குளித்து, திருநீறு பூசி, தட்டில் வெற்றிலை பாக்கும் ரெண்டு வாழைப்பழமும் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

பழத்தை எடுத்துக்கொண்டு, "உட்காருங்க" என்றாள்.

மரகதத்தின் காது அந்த ஊரில் பேர் வாங்கின காது. அவள் புருஷன் ஊர் ஊராகப் போய் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவான். பழுது பார்ப்பதெல்லாம் இவள்தான். ஒரு தடவை மூன்று தெரு தள்ளி ஒரு கல்யாண வீட்டில் பாட்டுப் போட்டிருந்தார்கள். இவள் இங்கே அரிசி களைந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி, வலது பக்கக் குழாயில் காக்கா உட்கார்ந்திருக்கிறது, விரட்டுங்கள் என்றாளாம். போய்ப் பார்த்தால் உட்கார்ந்திருந்ததாம்.

பரஞ்சோதி பத்திரப்பதிவு ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் எழுதினவர். தாளில் அச்சாகி இருந்தால் நம்புவார். வாயால் சொன்னால் மூன்று தடவை திருப்பிக் கேட்பார்.

அவர் மனைவி பிச்சம்மாளுக்குக் கோலாட்டம் என்றால் உயிர். ஒன்பது பேர் சேர்ந்து வருஷா வருஷம் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஆடுவார்கள். அவர்களுக்குப் பாடிக்கொண்டிருந்த வாத்தியாரம்மா மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். போகும்போது எல்லாப் பாட்டையும் பாடி ஒரு சிடியில் பதிந்து பிச்சம்மாள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சிடி இருக்கிறது. போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை.

வாங்கிக்கொண்டு வாங்க என்று பிச்சம்மாள் அனுப்பி மூன்று மாசம் ஆகிறது. இந்த மூன்று மாசத்தில் பரஞ்சோதி நாலு ஊரில் பதினெட்டு பிளேயர்களைப் பார்த்துவிட்டார். ஒன்றில் அடிக்குரல் சரியில்லை என்பார். ஒன்றில் உச்சி சரியில்லை என்பார். எதையும் வாங்கவில்லை.

கொடைக்கு இன்னும் இருபது நாள்தான். மற்றப் பெண்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி வரவில்லை என்றால் சரோசா வீட்டில் வைத்துப் பழகிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். சரோசாவும் கோலாட்டக்காரிதான்; அவள் வீட்டில் பிளேயர் இருக்கிறது. யார் வீட்டில் பழகுகிறார்களோ, அவள்தான் சாமி முன்னால் முதலாவதாக நிற்பாள். அது அந்த ஊர் வழக்கம். பன்னிரண்டு வருஷமாக அந்த இடத்தில் நிற்பவள் பிச்சம்மாள்.

ஒன்பது நாளாக அவள் புருஷனோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் ரசச் சட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சட்டி அத்தனையையும் கேட்டுக்கொண்டது. பரஞ்சோதியும் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டார்.

அதனால்தான் திங்கட்கிழமை காலையிலேயே வெற்றிலை பாக்கோடு வந்துவிட்டார்.

மரகதம் ஒரு புதுப் பிளேயரை எடுத்து முன்னால் வைத்தாள். அவர் பிளேயரைப் பார்க்கவில்லை. அது வந்த அட்டைப் பெட்டியை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"இருபதுல இருந்து இருபதாயிரம் வரைக்கும் கேக்குமாம் தாயி. அச்சடிச்சே போட்டிருக்கான். உசத்தியான சாமான்தான்."

"அப்படியா? காதுல வச்சுக் கேளுங்க."

"எதை?"

"அந்த அட்டைப் பெட்டியை."

குரு சொன்னால் மறுக்கக்கூடாது என்று பரஞ்சோதி காலிப் பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்தார். எதிரே பஸ் நிறுத்தம். நாலு பஸ் வந்து போனது. டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, யாரு லைன்ல?" என்று விசாரித்தான்.

அரை மணி நேரம் கழித்து மரகதம் வந்து என்ன கேட்டது என்றாள்.

"ஒண்ணும் கேக்கலையே."

"அச்சடிச்சிருக்கே" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவர் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

மரகதம் குறுக்கே ஒரு பழைய சேலையைக் கட்டியிருந்தாள். சேலைக்குப் பின்னால் இருந்து ஒரே பாட்டை மூன்று தடவை போடுவதாகவும், ஒவ்வொரு தடவையும் சத்தம் எப்படி என்று அவர் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள்.

பரஞ்சோதி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பத்திர ஆபீஸ் பழக்கம், முதலில் மதிப்பைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்கு எதுவும் ஓடாது. "இது என்ன விலை?" என்றார்.

எண்ணூறு என்றாள். பாட்டு ஓடியது. தகர டப்பாவுக்குள் தவளையைப் போட்டு மூடின மாதிரி இருக்கிறது என்றார்.

ரெண்டாவதற்கும் விலை கேட்டார். ஆயிரத்து ஐந்நூறு என்றாள். பாட்டு ஓடியது. தேறும், ஆனால் உச்சிக்குப் போகும்போது தொண்டையில் லேசாகச் சளி என்றார்.

மூன்றாவதற்கு ஏழாயிரம் என்றாள். பாட்டு ஓடியது. பரஞ்சோதி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெண்கல மணி தாயி. வெண்கல மணி."

மரகதம் சேலையை அவிழ்த்தாள். அங்கே ஒரே ஒரு பிளேயர் இருந்தது. மூடி உடைந்து டேப் ஒட்டினது. அவள் சமைக்கும்போது பாட்டுக் கேட்கிற பெட்டி. மேலே சாம்பார் சிந்தின கறைகூட இருந்தது.

"மூணு தடவையும் இதுதானா?"

"இதேதான். அதே பாட்டுத்தான்."

"அப்ப மாறினது எது?"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஏழாயிரம்னு சொன்னதும் உங்க கண்ணு கலங்கிச்சு. அதை மட்டும் பார்த்தேன்."

புதன்கிழமை அவர் எதையும் வாசிக்கவில்லை. எதற்கும் விலை கேட்கவில்லை.

மரகதம் பெஞ்சில் ரெண்டு பிளேயர்களை வைத்தாள். ஒன்று பெரியது, வெள்ளி நிறம், பாட்டுக்குத் தக்கபடி விளக்கு எரியும். மற்றது கறுப்பு, சாப்பாட்டுத் தூக்கு அளவுதான் இருக்கும். பரஞ்சோதி ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடினார். காலையில் மூடின கண்ணை மத்தியானம் சோறு தின்னத் திறந்தார். பிறகு மறுபடியும் மூடினார்.

சாயங்காலம், பெரிய பெட்டியில் அடிக்குரல் கிணற்றில் இருந்து வருகிற மாதிரி முழுசாக வருகிறது, விளக்கெல்லாம் வெறும் வேஷம் என்றார். சின்னதில் பாட்டு இல்லாத இடத்தில் லேசாக ஒரு இரைச்சல், புழுங்கல் அரிசி கொதிக்கிற மாதிரி, ஆனால் வார்த்தை தெளிவு என்றார்.

மரகதம் கையில் இருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சரியாச் சொல்லிட்டீங்க அண்ணாச்சி. இதுக்கு மேல எனக்கே தெரியாது."

பரஞ்சோதிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞானம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் நேராக வீட்டுக்குப் போனார்.

பிளேயர் வாங்க மறந்துவிட்டார்.

அன்றைக்கு ரசச் சட்டி கேட்ட பேச்சை எழுதினால் பத்திரத்தாள் பத்தாது.

வியாழக்கிழமை சந்தை. பிச்சம்மாள் சந்தைக் கூடையோடு நேராக மைக் செட் கடைக்கு வந்துவிட்டாள். கூடவே கோலாட்டக்காரிகள் அஞ்சு பேர். அதில் சரோசாவும் இருந்தாள். பிச்சம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த புருஷனை, அங்கே வெறும் ஸ்டூல் இருப்பது மாதிரி தாண்டிப் போய் மரகதத்திடம் நின்றாள்.

"ஏம்மா, மூணு நாளா இவங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்த?"

"சத்தத்தைக் காதால கேக்கச் சொல்லிக் கொடுத்தேன் மதினி."

"அதுக்கு மூணு நாளா?"

"அண்ணாச்சிக்கு மூணு நாள் ஆச்சு."

பரஞ்சோதி எழுந்து பெரிய பெட்டியின் அடிக்குரலைப் பற்றி ஆரம்பித்தார். அவர் கிணறு வரைக்கும் வருவதற்குள் பிச்சம்மாள் இடுப்பில் இருந்து சிடியை எடுத்து உள்ளே போட்டுவிட்டாள்.

வாத்தியாரம்மாவின் குரல் கடை முழுக்க நிறைந்தது. உண்மையிலேயே நல்ல சத்தம். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கோல் இல்லை. சந்தையில் வாங்கின மரக் கரண்டியும் மத்தும் கூடையில் இருந்தன. ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கொண்டு கடையின் முன்பக்கம் வட்டமாக நின்றார்கள். அங்கே சாக்கடைக்கு மேல் பலகை போட்டிருந்தது; பிளேயர் இருந்த பெஞ்சும் அதன் மேல்தான்.

முதல் அடி வைத்தார்கள். ஆறு பேர் கால் ஒன்றாகப் பலகையில் இறங்கியது.

பெட்டிக்குள் வாத்தியாரம்மா "தா" என்றாள். பிறகு தா, தா, தா என்று அங்கேயே நின்றுவிட்டாள்.

பெண்கள் நின்றார்கள். பாட்டு ஓடியது. அடி வைத்தார்கள். பாட்டு மறுபடியும் விக்கியது.

சின்னப் பெட்டியில் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் விக்கியது.

பரஞ்சோதி குருவைப் பார்த்தார். குரு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் இது தோணலையே அண்ணாச்சி. நாம ரெண்டு பேரும் உக்காந்துல்லா கேட்டோம்."

ஒவ்வொரு அதிர்வுக்கும் உள்ளே சிடி குலுங்குகிறது, நல்ல பிளேயராக இருந்தாலும் பலகையில் வைத்தால் இதுதான் கதி என்றாள். பிச்சம்மாள் வீட்டில் ஆடுகிற இடம் மேல்மாடி மச்சு. அங்கே தளம் முழுக்க மரத்தட்டு. ஒரு பூனை ஓடினாலே கீழே பாத்திரம் ஆடும்.

சரோசா கரண்டியைக் கூடையில் போட்டாள். "எங்க வீட்ல சிமெண்டுத் தரைக்கா. நாளையில இருந்து அங்கேயே வச்சுக்கிடுவோம்" என்றாள். குரலில் வருத்தம் கொஞ்சமும் இல்லை.

பிச்சம்மாள் கூடைக்குப் பக்கத்தில் குனிந்தாள். கூடையில் கத்தரிக்காயை ஒரு ஓரத்துக்கு ஒதுக்கினாள். பிறகு அதையே இன்னொரு ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

பரஞ்சோதி அவளைப் பார்த்தார். கத்தரிக்காய் மூன்றாவது தடவை ஒதுங்கியது.

அவர் போய்ப் பெரிய பெட்டியை ஒயரோடு தூக்கினார். சிடியை எடுத்துப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பலகையின் நடுவில் வந்து நின்றார்.

"ஆடுங்க" என்றார்.

பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரைச் சுற்றி நின்றார்கள். அடி வைத்தார்கள். பலகை அதிர்ந்தது. பரஞ்சோதியின் முழங்கால் அதிர்ந்தது. தொந்தி அதிர்ந்தது. அதற்கு மேல் எதுவும் அதிரவில்லை. வாத்தியாரம்மா விக்காமல் பாடினாள்.

பிச்சம்மாள் ஒரு சுற்று வந்து அவருக்கு நேராக வந்தபோது சொன்னாள்.

"அசையாம நில்லுங்க."

பன்னிரண்டு நாளைக்குப் பிறகு அவருக்கென்று அவள் வாயில் இருந்து வந்த முதல் பேச்சு.

முதல் பாட்டு முடிந்தது. சந்தைக்கு வந்த கூட்டம் கடை வாசலில் நின்றுவிட்டது. டீக்கடைக்காரன் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்றான். ரெண்டாவது பாட்டு தொடங்கியது. வெள்ளி நிறப் பெட்டி கருங்கல் மாதிரி கனத்தது. ஆனாலும் பரஞ்சோதி அசையவில்லை.

பாட்டு முடிந்த இடைவெளியில் மரகதம் வட்டத்துக்குள் புகுந்து அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். கறுப்புப் பெட்டியில் சிடியைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். காற்று மாதிரி இருந்தது.

மூன்றாவது பாட்டு வேகமான பாட்டு. ஒதுங்கி நின்ற சரோசாவுக்கும் கால் கேட்கவில்லை. கூடையில் இருந்து கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டாள். "சரிக்கா, நாளைக்கு உங்க மச்சுலயே" என்றாள் மூச்சு வாங்க.

பிச்சம்மாள் சிரித்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மத்தை உயர்த்தி, ஒரு எட்டு முன்னால் வைத்துத் திரும்பினாள். அறுபது வயதுக்காரரின் கழுத்து அவள் போன பக்கமெல்லாம் திரும்பியது. உடம்பு மட்டும் அசையவில்லை.

மரகதம் அவர் காதருகே வந்தாள்.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டியில சத்தம் எப்படி?"

பரஞ்சோதி திரும்பவில்லை.

"எந்தச் சத்தம்?" என்றார்.