சாப்பிட்ட இலை நம் பக்கம் மடிந்த கதை

அந்தக் காலத்தில் ஆடுமாடுகளுக்கு மட்டுமல்ல, மரம் மட்டைகளுக்கும் பேச்சு இருந்தது. மனிதர்களைப் போல வளவளவென்று பேசாமல், தேவைக்குத்தான் பேசும்.

உப்பு வண்டிகள் மலைக்குப் போகும் தடத்தில் ஒரு சிற்றூர். அங்கே எயினி என்று ஒரு பெண். கணவன் இல்லை, ஒரே மகள். அன்று அந்த மகளுக்குக் கல்யாணம். பந்திக்கு இலை அறுக்க எயினி அரிவாளோடு கொல்லைக்குப் போனாள். கிணற்றடி வாழை அவளைத் தடுத்தது.

"நில்லு தாயி. இனிமே நான் இலை தர்றதா இல்லை."

எயினிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து எறங்கிட்டாங்களே! சோத்தை எதுல போடுவேன்? அறுக்கறது வலிக்குதா?"

"அந்த வலியைப் பொறுத்துக்குவேன். தின்னு முடிச்சதும் ஏப்பம் விட்டுக்கிட்டு, என் இலையைத் தாண்டிப் போறாங்களே, அதைத்தான் தாங்க முடியலே. சோறு நல்லா இருக்குங்கறாங்க, குழம்பு நல்லா இருக்குங்கறாங்க. இலைக்குன்னு ஒரு வார்த்தை உண்டா?"

"அப்படிக் கேளு!" என்று முருங்கை மரத்திலிருந்த காகம் தூபம் போட்டது. அதற்கு அன்றைக்கு வேறு வேலை இல்லை.

எயினி யோசித்தாள். வாழை சொன்னதில் என்ன தப்பு? எத்தனை இலை அறுத்திருப்பாள், அவளும்தான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அரிவாளைக் கீழே வைத்துக் கும்பிட்டாள். "இன்னைக்கு மட்டும் எம் மானத்தைக் காப்பாத்து."

வாழைக்கு மனசு இளகியது. "சரி, இன்னைக்குத் தர்றேன். ஆனா பந்தியில ஒருத்தராவது என் இலைக்கு நன்றி சொல்லணும். நீ சொல்லிக்கொடுக்கக் கூடாது. யாருமே சொல்லலேன்னா, நானும் என் கன்னுகளும் பொழுது சாயறதுக்குள்ள கருகிப் போவோம். எங்க இனமே இந்த மண்ணை விட்டுப் போயிடும்."

பந்தி உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் மாமா கூட்டுக்கறியை மூன்று தடவை கேட்டு வாங்கினார். பாயசம் பிரமாதம் என்றார்கள். அழைக்காமலே வந்த மயில் வயிறு நிறையத் தின்றுவிட்டு, குழம்பில் புளி தூக்கல் என்றது. ஒருவர் பின் ஒருவராக எழத் தொடங்கினார்கள். பரிமாறிக்கொண்டிருந்த எயினி ஒவ்வொருவர் வாயையும் பார்த்தாள்.

பந்தியின் கோடியில் பூதன் உட்கார்ந்திருந்தான். உப்பு வண்டிக்காரன். வழியில் வண்டியின் அச்சு முறிந்து, முந்தின நாள் முழுக்கப் பட்டினி. வாசலில் தயங்கி நின்றவனை எயினிதான், "வாங்கண்ணே, உக்காருங்க" என்று கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். அவன் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வார்த்தை வரவில்லை.

அவன் குனிந்தான். இலையின் எதிர்ப்பக்கத்தை இரண்டு கையாலும் மெல்லத் தூக்கித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான். கை தாழ்ந்தபோது இலை அவன் பக்கமாக மடிந்து கிடந்தது. அதன் மேல் ஒரு சொட்டுக் கண்ணீர்.

"ஒரு வார்த்தையும் சொல்லலையே! வாழை கருகப் போகுது!" என்று காகம் கத்தியது. எயினி அரண்டுபோய்க் கொல்லைக்கு ஓடினாள்.

வாழை கருகவில்லை. குருத்து விரிந்துகொண்டிருந்தது.

"அவரு பேசலையே தாயி," என்றாள் எயினி பயந்தபடி.

"என் இலையைக் கண்ணுல ஒத்திக்கிட்டாரே! பேச்சு வராத அளவுக்கு நிறைஞ்சிருக்காரு. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? அறுத்துக்கோ. என் கன்னும், கன்னோட கன்னும் உங்களுக்கு இலை போடும்."

எயினி வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தனை நாளும் சொல்லாத நன்றியையெல்லாம் அப்போது சொன்னாள்.

பந்தியிலோ, பூதனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் மடித்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் மடித்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பந்தியில் எதைத்தான் கேட்டுச் செய்கிறோம்?

அன்று முதல்தான் வயிறு நிறைந்தவர்கள் இலையைத் தம் பக்கமாக மடித்துவிட்டு எழுந்திருக்கிறார்கள். கண்ணில் ஒற்றிக்கொள்வதை எப்போதோ விட்டுவிட்டோம். நாம் மறந்த நன்றியை நம் கை மட்டும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.