தாளாளர் மகனுக்கு நாலுக்கு நாலு

இதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் என் நாக்குல கொப்புளம் கிளம்பட்டும்.

பள்ளிக்கூடத் தாளாளர் தணிகாசலத்துக்கு வயிறு எரிஞ்சுது. ரிப்போர்ட் கார்டுல 'கற்கும் ஆர்வம்'ங்கற மார்க்கு அவரு மகனுக்கு 2.4, ஆயா செங்கமலத்தோட மகளுக்கு 3.8! பெத்தவங்க கூட்டத்துலயே செங்கமலத்து மேல எகிறுனாரு.

"கார்டைத் தூக்கிட்டுத் திரியறவ நீதானே! என்ன கணக்கு இது?"

"அஞ்சு டீச்சரும் நாலுக்கு இத்தனைன்னு போடுவாங்க. கூட்டி அஞ்சால வகுக்கணுங்கய்யா."

"யார் போட்டதையும் திருத்தாம என் பையனுக்கு நாலு வர வை. இல்லன்னா உனக்கு வேலை இல்ல!"

"நாலு டீச்சருங்க ரெண்டு ரெண்டுதான் போட்டிருக்காங்க. அவங்கள விட்டுட்டு, நாலு போட்ட ஒருத்தர மட்டும் எடுத்தா முழுசா நாலுங்கய்யா."

தாளாளர் குளுந்துட்டாரு. "அந்தத் தங்கமான டீச்சர் யாரு? மைக்லயே சொல்லு!"

"உங்க வீட்டம்மாதாங்கய்யா."

கூட்டம் சிரிச்ச சிரிப்புல பந்தலே ஆடுச்சு. அதுக்கப்புறம் ஆயாவ வேலைய விட்டுப் போன்னு சொல்ல அவருக்கு ஏது வாயி?

நீங்களும் சிரிச்சீங்கல்ல? சூடா ஆளுக்கொரு போண்டா எனக்கு வாங்கித் தந்துட்டு எந்திரிங்க!