மலைக்குப் போன அழைப்பாணை

முன்னொரு காலத்தில், ஒரு மலையடிவாரத்தைத் தலைநகராகக் கொண்டு ஒரு மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் எதையும் சபைக்கு வரவழைத்துக் கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டார். மாடு முட்டியது என்று ஒருவன் முறையிட்டால், அந்த மாடும் சபைக்கு வந்தாக வேண்டும். அந்தச் சபைக்கு ஒரு வழக்கமும் உண்டு. எவரும் எதன்மேலும் ஏறிக்கொண்டு உள்ளே வரக்கூடாது. ராணியின் தந்தையே ஆனாலும், அரண்மனைக்கு முன்னாலிருந்த குதிரைத் திடலில் பல்லக்கை விட்டு இறங்கிவிட வேண்டும்.

ஒருநாள் மலைச்சரிவுத் தெருவிலிருந்து பொன்னுருவி என்ற பெண், அக்கம்பக்கத்தாரோடு சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, எங்க வீட்டுச் சுவரெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. மழை இறங்குறதுக்குள்ள சமதரையில ஒதுங்க இடம் குடுங்க. குதிரைத் திடல்ல பாதி சும்மாதான் கெடக்கு."

குதிரைப்படைத் தளவாய் வீரபாகு எழுந்தார். "மன்னா, தச்சன் வேலை சரியில்லை. அதற்கு என் திடலைக் கேட்கிறார்கள்."

மன்னர் தம் விகடன் சீராளனைப் பார்த்தார். "நீ போய் என்னவென்று அறிந்து வா."

இவனைப் போய் அனுப்புகிறாரே என்று தளவாய் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

சீராளன் சரிவுக்குப் போனபோது, தச்சர் மாடசாமி ஒரு கதவைக் கழற்றி வைத்து இழைத்துக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் கதவு மாட்டிக்குது சாமி. எல்லாரும் என்னைத்தான் திட்டுறாங்க. நானும் இழைச்சு இழைச்சு, பொன்னுருவி வீட்டுக் கதவு இப்ப சன்னல் அளவுக்கு வந்துருச்சு."

"அடுத்த வருஷம் பலகையை எடுத்துட்டு வெத்தலையைத் தொங்க விட்ருவாரு" என்றாள் பொன்னுருவி.

சீராளன் கயிற்றில் கல்லைக் கட்டி நிலைப்படியில் தொங்கவிட்டுப் பார்த்தான். நிலை பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தது. தச்சரின் பிழையாகவும் இருக்கலாமே என்று, வேறொரு தச்சர் கட்டிய வீட்டிலும் பார்த்தான். அதுவும் அதே பக்கம்தான் சாய்ந்திருந்தது. பிறகு குழி தோண்டினான். மேலே உதிரியான செம்மண். அதன் கீழே சாம்பல் நிறக் களிமண். அதற்கும் கீழே, கூரைபோல் சரிந்த பாறை. களிமண்மேல் ஒரு குடம் நீரை ஊற்றிக் காலை வைத்தவன், வழுக்கிக் குழிக்குள்ளேயே உட்கார்ந்தான். அப்போதும் அவனுக்கு நிச்சயம் வரவில்லை. தெருவின் மறுகோடியில் இன்னொரு குழி தோண்டினான். அங்கேயும் அதே களிமண், அதே வழுக்கல்.

சேறு படிந்த வேட்டியோடு சபைக்குத் திரும்பினான்.

"மன்னா, தச்சர்மேல் குற்றமில்லை. சரிந்த பாறைமேல் களிமண் இருக்கிறது. அதன்மேல் தெரு இருக்கிறது. மழைநீர் உள்ளே இறங்க இறங்க, மலை கீழ்நோக்கி நடந்து வருகிறது."

"நடக்கிறதா?" தளவாய் சிரித்தார். "அப்படியானால் சபைக்கே வந்து சொல்லிவிட்டுப் போகட்டுமே."

மன்னருக்கு அது பிடித்துவிட்டது. "சரியான யோசனை. சீராளா, மலையை அழைத்து வா. மழைக்காலம் முடிவதற்குள் அது வராவிட்டால் நீ நாட்டைவிட்டுப் போக வேண்டும்."

"ஆணைப்படியே" என்றான் சீராளன்.

மறுநாள் பறையறைவித்து மலையைப் பார்த்து அழைப்பாணையை வாசித்தான். பிறகு தெருக்காரர்கள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். மாலைக்குள் குதிரைத் திடலில் பானையும் கட்டிலும் ஆடும் கோழியுமாக இடமில்லாமல் போயிற்று. தளவாய் மன்னரிடம் ஓடினார். மன்னர் சீராளனை அழைத்தார்.

"யாரைக் கேட்டு இவர்களை இறக்கினாய்?"

"தங்கள் சபை வழக்கத்தைக் கேட்டுத்தான், மன்னா. மலை தங்களைக் காண வருகிறது. அதன்மேல் இவர்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஏறிக்கொண்டு வரக்கூடாது அல்லவா? தங்கள் மாமனார் இறங்குகிற இடத்திலேயே இறக்கிவிட்டேன்."

மன்னர் தளவாயைத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார் தளவாய். "மழை முடியட்டும். இவனும் போவான், இவர்களும் மேலே போவார்கள்."

மழை வந்தது. மலை அசையவில்லை. கார்த்திகையும் கழியும் தறுவாயில், "நாம தப்பாப் பார்த்துட்டமோ?" என்று சீராளனே பொன்னுருவியிடம் கேட்டான்.

"தப்பா இருந்தா நாங்க வீட்டுக்குப் போறோம். நீங்கதான் எங்க போவீங்களோ" என்றாள் அவள்.

ஓர் அடைமழைப் பகலில் சரிவு முழுவதும் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். தெரு அப்படியே வழுக்கி இறங்கியது. வீடுகள் மடிந்தன. சேறு திடலைத் தொடாமல், அதன் ஓரத்து வீதி வழியே வந்து, சாத்தியிருந்த அரண்மனை வாயிலில் முட்டி நின்றது. திடலில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆட்களை எண்ணிப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் குறையவில்லை.

மன்னர் தளவாயோடும் சீராளனோடும் மாடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

தளவாய் மட்டும் விடவில்லை. "சபைக்குள் வரவில்லையே, மன்னா. வாயிலோடு நின்றுவிட்டது."

"அனுமதி இல்லாமல் உள்ளே நுழைய அது என்ன என்னைப்போல் விகடனா?" என்றான் சீராளன். "வாசலில் காத்திருக்கிறது. வரச்சொல்லவா, மன்னா?"

மன்னர் முதலில் மெல்லத்தான் சிரித்தார். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வேண்டாமப்பா. வந்தவரைக்கும் போதும்."

திடலை அந்த மக்களுக்கே பட்டயம் எழுதிக் கொடுத்தார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துச் சீராளனுக்குப் போர்த்தினார். பிறகு திரும்பி, "தளவாயாரே, மலையை அழைக்கச் சொன்னவர் நீர்தானே? விருந்தாளியை நீரே வழியனுப்பிவிட்டு வாரும்" என்றார்.

பக்கத்தில் நின்ற காவலன் தளவாயிடம் ஒரு மண்வெட்டியை நீட்டினான்.