பூஜ்ஜியம் காட்டிய மீட்டர்

ரஹ்மத் டீச்சரின் பட்டறையில் எலக்ட்ரானிக்ஸ் பழகியவர்களில் தெய்வநாயகம் ஒருவர்தான் டீச்சரைவிட வயதில் மூத்தவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு மாடியில் சொந்தமாக ஒரு மேசை போட்டிருந்தார். மேசையில் வைக்க, மின்சாரம் அளக்கும் ஒரு மல்டிமீட்டர்தான் பாக்கி.

“டீச்சர், அஞ்சரை இலக்க மீட்டர் வாங்கவா, இன்னும் நுணுக்கமா காட்டுற ஆறரை இலக்கமா? எதை நம்பலாம்?”

“வீட்ல என்ன சொல்றாங்க?”

“மீட்டரையே கட்டிக்கிட்டிருக்கலாம்ங்கிறா.”

டீச்சர் தன் மேசையில் இருந்த ஆறரை இலக்க மீட்டரை அவர் பக்கம் திருப்பினார். “அளந்து பாருங்க.”

அவர் சுவர் பிளக் பாயின்ட்டில் மீட்டரின் வயர் முனைகளை வைத்தார். 231.408 என்று காட்டியது. கடைசி இலக்கம் துடிப்பதை ரசித்துக்கொண்டே இருந்தார்.

டீச்சர் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்தார். அப்போதுதான் அதை ஓடவிட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கியிருந்தார். உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு கெப்பாசிட்டர்.

“அணைச்ச பிறகும் இதுல கரண்ட் தேங்கி நிக்கும். ஆளைக் கொல்ற அளவுக்கு. இதை நான் கழட்டணும். அளந்து சொல்லுங்க, தொடட்டுமா?”

அவர் முனைகளைக் கவனமாக வைத்தார். புள்ளிக்குப் பின்னால் வரிசையாகச் சுழியம்.

“பூஜ்ஜியம் டீச்சர். தொடுங்க.”

டீச்சர் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார்.

“எனக்குக் கொஞ்சம் பயம் சார். முதல்ல இது தொடட்டும்.”

இழுப்பறையிலிருந்து, வயர் இணைத்த ஹோல்டரில் மாட்டிய ஒரு ஜீரோ வாட் பல்பை எடுத்தார். அதன் இரண்டு வயர்களையும் கெப்பாசிட்டரில் வைத்தார்.

பட்டறை முழுக்க வெள்ளையாக ஒரு வெட்டு வெட்டி பல்ப் அணைந்தது.

தெய்வநாயகம் நாற்காலியோடு பின்னால் போயிருந்தார்.

“நான்... தொடுங்கன்னு சொன்னேனே.”

“சொன்னீங்க.”

“மீட்டர் கெட்டுப்போச்சா?”

“நல்லாத்தான் இருக்கு. சுவர்ல இருக்கிறது ஏசி. இதுல தேங்கியிருக்கிறது டிசி. நீங்க மீட்டர் குமிழை டிசிக்குத் திருப்பவே இல்லை. ஏசி எவ்வளவுன்னு கேட்டீங்க. இல்லைன்னு சொல்லிச்சு.”

அவர் குமிழைப் பார்த்தார்.

“சரி, பல்ப் அணைஞ்சிடுச்சு. இப்போ தொடட்டுமா?” என்றார் டீச்சர்.

“தொடலாம் டீச்சர். இருந்ததெல்லாம் பல்புல இறங்கிடுச்சு. கண்ணால பார்த்தேனே.”

டீச்சரின் விரல் கெப்பாசிட்டருக்கு ஓர் அங்குலம் வரை போனது. அங்கேயே நின்றது. மற்றக் கையால் பல்பைக் கழற்றி அவர் காதருகே ஆட்டினார்.

உள்ளே ஏதோ கிலுகிலுத்தது. மின்சாரம் தீரும் முன்பே இழை அறுந்திருந்தது.

தெய்வநாயகம் எழுந்து டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பெண் பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டோமே என்று உடனே விட்டார். பிறகு குமிழை டிசிக்குத் திருப்பினார். ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றில் வைத்துப் பார்த்தார். மீட்டர் ஒன்பது என்று காட்டியது. அதன் பிறகே முனைகளைக் கெப்பாசிட்டரில் வைத்தார்.

212.067.

அவர் முனைகளை எடுத்தார். அந்த எண் திரையிலிருந்து மறைந்தது. அவருக்கு மறையவில்லை.

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டார். “ரெண்டு தடவை உங்களைக் கொன்னிருப்பேன். ஏன் டீச்சர் என்கிட்ட கேட்டீங்க?”

“நீங்கதான் கேட்டீங்க, எதை நம்பலாம்னு.”

தடித்த ரெசிஸ்டர் ஒன்றை வைத்து டீச்சர் மிச்ச மின்சாரத்தை இறக்கத் தொடங்கினார். வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“ரெண்டுல எது வேணாலும் வாங்குங்க சார். வீட்ல அது முதல் தடவை பூஜ்ஜியம் காட்டினதும் எனக்கு ஒரு போன் போடுங்க. நீங்க தொடலாம்னு சொன்னா, நான் வந்து தொடுறேன்.”