விரல் படாத துளை

குருவுக்கு முப்பத்திரண்டு வயது, சீடருக்கு ஐம்பத்தெட்டு. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்? வாய்ப்புற்றை அறுத்தெடுப்பதில் பேர்போன டாக்டர் கனகசபை, சாயங்காலமானால் ஜெசிந்தாவின் மரபணு ஆய்வுக்கூடத்துக்கு வந்து ஸ்டூலில் மாணவனாக உட்கார்ந்துவிடுவார்.

அன்று கோபமாக வந்தார்.

“வைத்தியலிங்கத்துக்கு நோய் திரும்பி வரும்னு எழுதியிருக்கீங்களாமே அம்மா? நாகசுரக்காரர் அவர். கன்னத்துல இருந்ததைச் சுத்தமா எடுத்துட்டேன். ஓரத்துல ஒரு கெட்ட செல் கிடையாது.”

“வரும்னு எழுதலை சார். வர வாய்ப்பு அதிகம்னு எழுதினேன். கதிர் சிகிச்சை கொடுத்துடலாம்.”

“கொடுத்தா வாய் காஞ்சு போகும். அப்புறம் எங்கே ஊதுறது? மரபணுவுல ஓர் எழுத்தாவது மாறியிருக்கா?”

“இல்லை.”

“பின்னே?”

“நாளைக்கு அவரை வாத்தியத்தோட வரச் சொல்லுங்க.”

வந்தார். கன்னத்தில் கட்டு, பேச முடியாது. கூடவே தம்பி சிங்காரம். ஜெசிந்தா கேட்டுக்கொண்டதும் தம்பி நாகசுரத்தை எடுத்து, ஏழு துளையையும் மூடி ஒரு சுரம் நீட்டினார். அப்பா, என்ன நாதம்! மாடியே அதிர்ந்தது. திட்ட ஓடிவந்த நர்சுகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

“சார், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க.”

டாக்டர் திரும்பினார். மறுபடியும் தம்பி ஊதினார். சுரம் இறங்கிப் போயிருந்தது. வைத்தியலிங்கம் முகத்தைச் சுளித்தார்.

“என்ன மாறிச்சு, பார்த்துச் சொல்லுங்க சார்.”

டாக்டர் வாயில் வைக்கும் சீவாளியைப் பார்த்தார். விரல் துளை ஏழிலும் கண்ணை வைத்தார். மரத்தைத் தட்டினார். கீறல் இல்லை, விரிசல் இல்லை.

“எல்லாம் அப்படியேதானே இருக்கு!”

ஜெசிந்தா குழலின் அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே விரலே படாத துளைகள், சுருதி சேர்ப்பதற்காக விட்டவை. அதில் ஒன்றில் மிளகளவு மெழுகு.

“காலையில போன்ல இவங்ககிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். மரம் அதே மரம், துளை அதே துளை. அடைச்சிருக்கு, அவ்வளவுதான். இவர் செல்லுல காவல் காக்கிற மரபணுவும் அப்படி அடைஞ்சு கிடக்கு. முப்பது வருஷப் புகையிலை வெச்ச மெழுகு. இப்படி அடைஞ்சவங்கள்ல நிறையப் பேருக்குத் திரும்பி வந்திருக்கு சார்.”

டாக்டருக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை வாயைத் திறந்து பார்த்த மனுஷர்! தன் கத்தி படாத இடத்தில் இப்படியொரு சங்கதி நடந்துகொண்டிருந்ததை நினைக்க நினைக்கப் பிரமிப்பு அடங்கவில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை.

“ஆவணியில ஊதலாம்னு இவருக்கு வாக்குக் கொடுத்துட்டேனேம்மா.”

“வாக்குக் கொடுத்தது நீங்க சார். அந்த செல் கொடுக்கலையே.”

வைத்தியலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தம்பி கையிலிருந்து நாகசுரத்தை வாங்கி, சீவாளியைக் கழற்றினார். குழலை உறையில் போட்டு டாக்டரின் மடியில் வைத்தார். கண் நிறைந்திருந்தது.

“என்கிட்ட எதுக்கு?”

“சிகிச்சைக்குச் சம்மதம்ங்கிறார் அண்ணன். முடிச்சிட்டு உங்ககிட்டயே வாங்கிக்குவார்” என்றார் சிங்காரம். அண்ணன் தலையாட்டினார்.

டாக்டருக்கு ஏதாவது செய்தாக வேண்டும்போல இருந்தது. உறையை விலக்கி, மெழுகைச் சுரண்ட நகத்தை வைத்தார்.

“அது இருக்கட்டும் சார்” என்றார் ஜெசிந்தா. “அவரே வந்து எடுக்கட்டும்.”